நேரலை ஏன் நேரத்துக்கு வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலையில் மகாதீபம் மாலை 6 மணிக்கு ஏற்றப்படுகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே வாசலில் அகல் ஏற்றுவது பல வீடுகளில் வழக்கம். எங்கள் தெருவில் அன்று மாலை விளக்குகள் ஒரே சமயத்தில் எரியத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு வாசல், சற்றுப் பொறுத்து அடுத்த மூன்று வாசல்கள், எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு கைப்பேசியில் பார்க்கும் எதிர்வீட்டுப் பையனின் வாசல். யார் வீட்டில் கேபிள், யார் வீட்டில் டிஷ் என்பதை விளக்கை வைத்தே சொல்லிவிடலாம். எல்லார் திரையிலும் ‘நேரலை’ என்ற எழுத்து மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. அந்த எழுத்தை நம்பியவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

பக்கத்து வீட்டில் ‘அவுட்’ என்று கத்திய பிறகுதான் எங்கள் டிவியில் பந்தே வீசப்படுகிறது. எங்கள் டிவியில் கோளாறா?

கோளாறு இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே படம் வேறு வேறு பாதையில் வருகிறது. டிடிஎச் அல்லது கேபிள் என்றால் மைதானத்துக்கும் உங்கள் திரைக்கும் இடையே பொதுவாக 5 முதல் 10 விநாடி ஆகும். இணையச் செயலி என்றால் 20 முதல் 40 விநாடி வரை சாதாரணம். இணைப்பு திணறினால் அதற்கு மேலும் போகும்.

வேகப்பந்து வீச்சாளர் ஒரு பந்தை வீசி, திரும்பி நடந்து, மறுபடி ஓடிவர ஆகும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். செயலியில் பார்ப்பவர் கிட்டத்தட்ட ஒரு பந்து பின்தங்கி இருக்கிறார். அவர் நகம் கடித்துக்கொண்டு எதிர்பார்க்கும் பந்து, பக்கத்து வீட்டில் பழங்கதை.

சிக்னல் ஒளியின் வேகத்தில்தானே வருகிறது? செயற்கைக்கோள் தூரத்தில் இருப்பதுதானே காரணம்?

பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். கணக்குப் போட்டால் நிற்காது. ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஏறி இறங்கச் சுமார் 72,000 கிலோமீட்டர். ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு முறை ஏறி இறங்கக் கால் விநாடி. சேனல் நிறுவனம் ஒரு செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அதை டிடிஎச் நிறுவனம் இறக்கி, தன்னுடைய செயற்கைக்கோளுக்கு மறுபடி ஏற்றினாலும் அரை விநாடிதான். மைதானத்திலிருந்தே செயற்கைக்கோள் வழியாக வந்தால் முக்கால் விநாடி. மீதமுள்ள விநாடிகளுக்குத் தூரத்தைக் குறை சொல்ல முடியாது.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நிலவு சராசரியாக 3.84 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் பூமியைத் தொட 1.3 விநாடி போதும். பெங்களூரில் விஞ்ஞானிகள் கைதட்டியது அங்கிருந்து சென்னையில் யூடியூபில் பார்த்தவருக்கு வந்துசேர அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடித்தது. நிலவிலிருந்து பெங்களூர் பக்கம், பெங்களூரிலிருந்து சென்னை தூரம் என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் பயணத்தில் இல்லை. வழியில் ஒவ்வோர் இடத்திலும் படம் காத்துக்கிடப்பதில் இருக்கிறது.

பழைய ஆன்டெனா காலத்தில் இப்படி இல்லையே?

இல்லைதான். அனலாக் முறையில் கேமரா ஒரு கோட்டைப் படிக்கும்போதே வீட்டுப் பெட்டியின் படக்குழாய் அதே கோட்டை வரைந்துகொண்டிருக்கும். ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். கேமராவின் கையைப் பிடித்துக்கொண்டே டிவியும் எழுதியது. வந்ததை எடுத்துவைத்துப் பிறகு காட்டலாம் என்றால், எடுத்துவைக்க அந்தப் பெட்டியில் நினைவகமே கிடையாது. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆன்டெனாவை அலை எட்டுவதற்கு ஒரு விநாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம். டில்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வந்த நிகழ்ச்சி என்றால் கூடுதலாக அந்தக் கால் விநாடி, அவ்வளவே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேப்பாக்கத்தில் ஆடுகளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்க ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஆடுகளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் அதை உடனே பிடித்து அனலாக் வானொலியில் அனுப்பினால், நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருப்பவருக்கு அது 2 மில்லி விநாடிக்குள் கேட்டுவிடும். டிக்கெட் வாங்கி உள்ளே போனவரைவிட வீட்டில் இருந்தவர் முந்தி. அந்தப் பெருமையை டிஜிட்டல் பறித்துக்கொண்டது.

பதிலுக்கு என்ன தந்தது என்பதையும் சொல்லவேண்டும். காற்றடித்தால் மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தை நினைத்து ஏங்குபவர்கள், அன்று திரையில் பெய்த பனியை மறந்துவிடுகிறார்கள். அன்று இரண்டு சேனல், இன்று நூற்றுக்கணக்கில். அத்தனை சேனலும் அதே காற்றில் இடம் பிடிக்க என்ன செய்தார்கள் என்பதுதான் அடுத்த பதில்.

அப்படியானால் நேரம் எங்கேதான் போகிறது?

பெரும்பகுதி படத்தைச் சுருக்குவதில் போகிறது. மைதானத்து ஒளிபரப்பு வண்டிக்குள் ஓடும் எச்டி படம் விநாடிக்கு 1.485 கிகாபிட். அதை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது. எட்டோ பத்தோ மெகாபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு சிறியதாகியும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

எப்படி? கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் ‘பொன்னி அரிசி, 25 கிலோ மூட்டை’ என்று முழுதாக எழுதுவார்கள். அடுத்த வரிகளில் ‘மேற்படி, மேற்படி’. சுருக்கும் கருவியான என்கோடர் செய்வதும் இதுவே. ஒரு படத்தை முழுதாக அனுப்பும். அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் அனுப்பும். புல்தரை மாறவில்லையா, மேற்படி.

இதுவரை தாமதத்துக்கு வேலை இல்லை. ஆனால் என்கோடர் இன்னொரு தந்திரமும் செய்கிறது. சில படங்களுக்கு ‘மேற்படி’ மட்டும் போதாமல் ‘கீழ்க்கண்டபடி’ என்றும் எழுதும். அதாவது முந்தைய படத்தையும் அடுத்து வரப்போகும் படத்தையும் சேர்த்துப் பார்த்து நடுப்படத்தை விவரிக்கும். இடம் நன்றாக மிச்சமாகும். ஆனால் அடுத்த வரி எழுதப்படாமல் ‘கீழ்க்கண்டபடி’ என்று எழுத முடியுமா? ஆகவே என்கோடர் வருங்காலப் படங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் செட்டாப் பாக்ஸும் அவற்றை வரிசை மாற்றிப் பெற்று, சரியாக அடுக்கிக் காட்டும்.

அடுத்தது பங்கீடு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு செயற்கைக்கோள் கருவியை (டிரான்ஸ்பாண்டர்) பல சேனல்கள் பகிர்ந்துகொள்கின்றன. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சேனலுக்குக் கொஞ்சம் போதும். பந்து எல்லைக்கோட்டுக்குப் பறக்கும் சேனலுக்கு நிறைய வேண்டும். கல்யாணப் பந்தியில் எந்த இலை காலி என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பரிமாறுவதுபோல, எந்தச் சேனலுக்கு அடுத்த கணம் எவ்வளவு தேவை என்று முன்கூட்டிப் பார்த்துப் பிரிக்கிறார்கள். முன்கூட்டிப் பார்க்கவேண்டும் என்றால் கையில் கொஞ்சம் படம் சேர்த்துவைத்திருக்க வேண்டும். அங்கே ஒன்றிரண்டு விநாடி போகிறது.

இதெல்லாம் ஒரே முறை நடந்தால் பரவாயில்லை. மைதானத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு வர ஒரு சுருக்கம். ஸ்டுடியோவில் விரித்து, தமிழ் வர்ணனையும் எழுத்துகளும் சேர்த்துச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப இரண்டாவது சுருக்கம். டிடிஎச் நிறுவனமோ கேபிள் நிலையமோ அதை இறக்கி, தன் வசதிக்கேற்ப மூன்றாவது முறை சுருக்குகிறது. ஒவ்வொரு முறையும் அதே காத்திருப்பு.

கடைசியில் வீட்டுக்குள் கொஞ்சம். செட்டாப் பாக்ஸ் சிறிது தேக்கிவைத்து விரிக்கும். படத்தை வழவழப்பாக்கிக் காட்டும் டிவி, தன் பங்குக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும்.

சேனல் மாற்றினால் ஒரு கணம் கறுப்பாகி நிற்பதும் இதனால்தானா?

ஆமாம். நீங்கள் நுழையும்போது நோட்டில் ‘மேற்படி’ ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முழுப் படம் வரும்வரை பெட்டிக்கு ஒன்றும் புரியாது.

டிடிஎச், கேபிள் இரண்டில் எது முந்தி வரும்?

பொது விதி இல்லை. கேபிள் நிலையம் சேனலின் செயற்கைக்கோளிலிருந்து நேராக இறக்கித் தெருவுக்குத் தந்தால், டிடிஎச்சின் இரண்டாவது விண்வெளிப் பயணம் மிச்சம், கேபிள் முந்தும். அதே கேபிள், வெகுதூரத்து நிலையம் ஒன்றில் மறுசுருக்கம் செய்யப்பட்டு ஃபைபரில் வந்து உள்ளூரில் இன்னொரு முறை கையாளப்பட்டால் பிந்தும். ஊருக்கு ஊர் மாறும். பந்தயம் கட்டாதீர்கள்.

மாடி வீட்டிலும் அதே நிறுவனத்து டிஷ்தான். ஆனாலும் அவர்களுக்கு ஒரு விநாடி முன்னால் வருகிறதே?

அவர்கள் பார்ப்பது எச்டி சேனலா, நீங்கள் பார்ப்பது சாதாரணமா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் தனித்தனி என்கோடர்களில் தயாராகும் தனித்தனிச் சேனல்கள். தமிழ் வர்ணனைச் சேனலும் ஆங்கிலச் சேனலும் அப்படியே. எல்லாம் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் வந்தால் பெட்டியின் மாடல் வேறாக இருக்கும். எவ்வளவு தேக்கிவைத்துக் காட்டுவது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். நடுவில் ஒரு முறை நிறுத்திவைத்துப் பிறகு தொடர்ந்த பெட்டியும் பின்தங்கியே ஓடும். குழந்தை ரிமோட்டை எடுத்து விளையாடியிருந்தால் அதையும் விசாரிக்கவும்.

கைப்பேசியில் ஏன் இவ்வளவு மோசம்? அரை நிமிடம் என்பது அநியாயம்.

எனக்கும் அநியாயமாகத்தான் தோன்றியது, அது எப்படி வருகிறது என்று தெரியும்வரை.

செயற்கைக்கோள் வானத்திலிருந்து மழைபோலப் பொழிகிறது. ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் பத்துப் பேர் பார்த்தாலும் அதற்கு ஒன்றே. இணையம் அப்படி இல்லை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். 2023 நவம்பர் 19 அன்று ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரு செயலியில் மட்டும் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இத்தனை பேருக்கும் ஒவ்வொரு படமாக ஊட்ட முடியாது. ஆகவே ஒளிபரப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோப்புகளாக்குகிறார்கள். இணையப் பக்கத்தில் ஒரு புகைப்படத்தை இறக்குவதுபோல உங்கள் கைப்பேசி அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறை இது. எளிமையானது, எந்தச் சாதாரண இணைய சர்வரும் இதைப் பரிமாறலாம். அதனால்தான் இத்தனை கோடிப் பேரைத் தாங்குகிறது.

விலை என்ன? பூக்காரம்மா முழம் கட்டி முடித்தால்தான் வெட்டித் தருவார். பாதி முழத்தில் கையை நீட்டிப் பயனில்லை. அதுபோல ஒரு துண்டு முழுதாக முடிந்த பிறகே அது அனுப்பத் தயாராகும். ஆரம்பத்தில் ஒரு துண்டின் நீளம் 10 விநாடி; பிறகு 6 விநாடி என்று ஆப்பிள் பரிந்துரையை மாற்றியது. அதோடு, உங்கள் கைப்பேசி ஒரு துண்டு கிடைத்தவுடன் ஓட்டத் தொடங்குவதில்லை. பஸ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் படம் நின்றுவிடுமே என்ற முன்னெச்சரிக்கையில் வழக்கமாக மூன்று துண்டுகளைப் பின்தள்ளியே தொடங்கும். மூன்று ஆறு பதினெட்டு. துண்டு தயாராகும் நேரம், பல தரங்களில் சுருக்கும் நேரம், ஊருக்கு ஊர் உள்ள இடைநிலை சர்வர்களுக்குப் போய்ச்சேரும் நேரம் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவுக்கும் முன்பாக, அந்தப் படம் மைதானத்திலிருந்து ஸ்டுடியோ வழியாக வந்த தாமதம் ஏற்கெனவே இருக்கிறது.

படம் நடுவில் நின்று சுற்றினால், விட்ட இடத்திலிருந்தே தொடரும். மூன்று முறை சுற்றினால் அந்த மூன்று இடைவெளியும் கூடிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட முடியும்போது அதிகம் பின்தங்கியிருப்பது இப்படித்தான். ஒரே சோபாவில் அண்ணனும் தம்பியும் ஒரே செயலியில் பார்க்கும்போது தம்பிக்கு முதலில் சிக்ஸர் போவதும் இதனாலேயே.

வீடியோ அழைப்பில் துபாயில் இருக்கும் மகளோடு உடனுக்குடன் பேச முடிகிறதே? அதுவும் இணையம்தானே?

கேள்விகளில் நல்ல கேள்வி இது. உடனடிப் படம் சாத்தியம் என்பதற்கு அந்த அழைப்பே சாட்சி. பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400ஐத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல்.

அந்த அழைப்பு எதை விட்டுக்கொடுக்கிறது என்று பாருங்கள். வழியில் தொலைந்த துணுக்குக்காக அது காத்திருப்பதில்லை. போனது போகட்டும் என்று அடுத்ததற்குப் போகிறது. அதனால்தான் மகளின் முகம் அவ்வப்போது கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ‘கீழ்க்கண்டபடி’ தந்திரத்தையும் அது பயன்படுத்துவதில்லை; வருங்காலத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. முகம் சிதறினால் ‘சிக்னல் சரியில்லை’ என்று நாம் பொறுத்துக்கொள்கிறோம். கடைசி ஓவரில் பந்து சிதறினால் பொறுப்போமா? செயலி நிறுவனங்கள் நம்மை நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. தாமதத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, படம் நிற்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள்.

மூன்றாவது நடுவரும் இந்தத் தாமதத்தோடுதான் பார்க்கிறாரா?

இல்லை. அவருக்கு மைதானத்து ஒளிபரப்பு வண்டியிலிருந்து நேராகக் கம்பி வழியே படம் போகிறது. வீடுகளுக்காகச் செய்யும் சுருக்கம் அங்கே இல்லை.

செய்தி சேனலில் வாசிப்பாளர் கேள்வி கேட்டதும் செய்தியாளர் சிறிது நேரம் விழித்துக்கொண்டு நிற்கிறாரே?

பாவம், அவருக்குக் கேள்வியே அப்போதுதான் போய்ச்சேர்கிறது. கேள்வி போக ஒரு பயணம், பதில் வர ஒரு பயணம். பல இடங்களில் இப்போது செயற்கைக்கோள் வண்டிக்குப் பதிலாக, நான்கைந்து சிம் கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் முதுகுப்பைக் கருவி வைத்திருக்கிறார்கள். அதற்கும் சுருக்கம் உண்டு, தேக்கம் உண்டு. இரண்டு விநாடி எளிதாகப் போய்விடும். பழகிய செய்தியாளர்கள் அந்த இடைவெளியில் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். கவனித்துப் பாருங்கள், கேள்வி முடிந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

வானொலியிலும் தாமதம் உண்டா?

மத்திய அலையும் எஃப்எம்மும் அனலாக் முறையில் வரும்வரை கடைசிக் கட்டத்தில் தாமதம் இல்லை. நிலையத்திலிருந்து கோபுரம் வரை வரும் வழியில் டிஜிட்டல் இணைப்பு இருந்தால் சிறிது இருக்கும். டிஜிட்டல் வானொலி வேறு கதை. இரைச்சலில் ஒரு துண்டு மொத்தமாக அழியாமல் இருக்க, ஒலியைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து நேரத்தில் பரப்பி அனுப்புகிறார்கள். வானொலிப் பெட்டி முழுக் கட்டும் வந்தபிறகே அடுக்கி ஒலிக்கும். ஆகாசவாணி மத்திய அலையில் பயன்படுத்தும் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையில் இந்தக் கலைப்பு மட்டும் 2 விநாடி வரை நீளும்.

பிரிட்டனில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அங்குள்ள டிஏபி என்ற டிஜிட்டல் வானொலியில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை அனுப்புகின்றன. எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே கணத்தில் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். பக்கத்துக் கோபுரம் தூரத்துக் கோபுரத்துக்காகக் காத்திருக்கும். அடுப்படியில் எஃப்எம், படுக்கையறையில் டிஏபி என்று வைத்திருக்கும் வீட்டில் ஒரே செய்தி எதிரொலிபோல இரண்டு முறை கேட்கும்.

டிவியிலோ வானொலியிலோ நேரம் சொன்னால் கடிகாரத்தைச் சரிசெய்யலாமா?

நிமிடத்துக்குச் சரி. விநாடிக்குக் கூடாது.

பிபிசி வானொலி 1924 பிப்ரவரி 5 முதல் மணிக்கு மணி ‘பிப்’ ஒலிகளை அனுப்பிவருகிறது. ஆறாவது பிப் தொடங்கும் கணமே மணி. தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்திய நாட்டில், டிஏபி பெட்டியில் அந்த பிப் எஃப்எம்மைவிடச் சில விநாடி பிந்தி ஒலிக்கிறது. மரபு தொடர்கிறது, துல்லியம் போய்விட்டது. ஜப்பானியர்கள் இதில் கறார்ப் பேர்வழிகள். அங்கே 2003 டிசம்பரில் தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி தொடங்கியது. பெரும்பாலான பகுதிகளில் 2011 ஜூலை 24 அன்று அனலாக் நின்றது. செய்திக்கு முன்னால் விநாடி முள் நகரும் கடிகாரத்தைக் காட்டும் பழைய வழக்கத்தை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே கைவிட்டது. தவறான விநாடியைக் காட்டுவதைவிடக் காட்டாமல் இருப்பது மேல் என்பது அவர்கள் முடிவு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம் ஊரில் புத்தாண்டு நள்ளிரவை டிவியில் எண்ணிக் கொண்டாடுபவர்களுக்கு மாதா கோவில் மணி முந்திக்கொள்ளும். ரமலானில் டிவி பாங்கைக் கேட்டு நோன்பு திறப்பவருக்குச் சில விநாடி பிந்துவதால் கெடுதல் இல்லை. நோன்புக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தின் முடிவை அப்படிப் பார்க்கக்கூடாது, அங்கே பிந்தினால் வரம்பு தாண்டிவிடும். பள்ளிவாசல் அட்டவணையும் நல்ல கடிகாரமும் போதும். இணையத்தோடு இணைந்த கைப்பேசியின் கடிகாரம் டிவியைவிட நம்பகமானது. அதே கைப்பேசியில் ஓடும் நேரலைதான் ஊரிலேயே கடைசி என்பது வேறு விஷயம்.

சில விநாடியால் யாருக்கு என்ன நஷ்டம்?

கிரிக்கெட்டில் சுவை கெடும், அவ்வளவுதான். நிலநடுக்கத்தில் உயிர் போகும்.

ஜப்பானில் 2007 அக்டோபர் 1 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை தரப்படுகிறது. மையத்தில் முதலில் கிளம்பும் மெல்லிய அதிர்வைக் கருவிகள் பிடித்து, பின்னால் வரும் பலத்த அதிர்வு எட்டுவதற்குள் ‘மேசைக்கு அடியில் போங்கள்’ என்று சொல்லும் ஏற்பாடு. பலத்த அதிர்வு விநாடிக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் நகரும். டிவி 2 விநாடி பிந்தினால் அதற்குள் எட்டுக் கிலோமீட்டர் வந்துவிடும். அனலாக்கில் இல்லாத இந்தச் சிக்கலைச் சமாளிக்க, எச்சரிக்கை எழுத்தைப் படத்தோடு சேர்த்துச் சுருக்காமல் தனி வழியில் முந்தி அனுப்பும் முறையை என்எச்கே கொண்டுவந்தது. திரையில் படம் பழையது, மேலே எழுத்து புதியது. தாமதத்தை ஒழிக்க முடியாவிட்டாலும், எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக்கூடாது என்று பிரிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பணமும் இதில் புரள்கிறது. 2014 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் நடந்தபோது, அரங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் வெளியே அனுப்பியதாக பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் கைதுசெய்யப்பட்டார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. டிவியில் பார்த்துப் பந்தயம் கட்டுபவருக்கு முன்னால், முடிவு தெரிந்துகொண்டு கட்டுவதற்கான வழி அது. சூதாட்டத்தைத் தேடிப் போகிறவர்கள் யோசிக்கவேண்டியது: திரையில் நீங்கள் பார்க்கும் பந்தின் கதை எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

வேண்டுமென்றே தாமதம் வைப்பதும் உண்டாமே?

உண்டு. அமெரிக்காவில் 2004 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் ஒரு பாடகியின் ஆடை விலகியது பெரிய ரகளையானது. அதே மாதம் நடந்த ஆஸ்கர் விழா 5 விநாடி தாமதத்தோடு ஒளிபரப்பானது. 2022 ஆஸ்கர் மேடையில் நடிகர் வில் ஸ்மித் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கைக் கன்னத்தில் அறைந்தபோது அமெரிக்க ஒளிபரப்பில் ஒலியை உடனே நிறுத்த முடிந்ததும் இத்தகைய இடைவெளி இருந்ததால்தான்.

நீதிமன்ற நேரலைக்கு உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு வகுத்த மாதிரி விதிகள் 10 நிமிடத் தாமதத்தைச் சொல்கின்றன. சில இடங்களில் தாமதமும் போதாது. 2008 மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்களின் நகர்வை நேரலையில் காட்டியது தாக்கியவர்களை இயக்கியவர்களுக்கே உதவியது என்ற கண்டனம் எழுந்தது. 2015இல் அத்தகைய நடவடிக்கைகளின் நேரலையே தடைசெய்யப்பட்டது.

எங்கள் வீட்டுத் தாமதத்தைக் குறைக்க ஏதாவது செய்யலாமா?

டிஷ், கேபிள் என்றால் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். டிவியில் ‘கேம்’ என்ற அமைப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள். படத்தை மெருகேற்றும் வேலை குறையும். புளூடூத் ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் பிந்தினால் கம்பி இணைப்புக்கு மாறுங்கள்.

செயலியில் ‘லைவ்’ பொத்தானை அவ்வப்போது தட்டினால் சேர்த்துவைத்த பின்னடைவு நீங்கும். அல்லது மூடித் திறங்கள். அதற்குமேல் நிறுவனம்தான் செய்யவேண்டும். துண்டு முழுதாகும்வரை காத்திராமல் சிறு சிறு நறுக்குகளாக அனுப்பும் முறையை ஆப்பிள் 2019இல் அறிவித்தது. அதில் சில விநாடிக்குள் கொண்டுவரலாம். யூடியூபிலும் ஒளிபரப்புபவர் மிகக் குறைந்த தாமதத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் கையிருப்புத் துண்டு குறையும், படம் அடிக்கடி நிற்கும். அந்தத் தேர்வைப் பார்ப்பவர் கையிலேயே ஏன் கொடுக்கக்கூடாது என்பது என் நெடுநாள் கேள்வி. நல்ல ஃபைபர் இணைப்பு உள்ளவரும், ஓடும் ரயிலில் இருப்பவரும் ஒரே அளவுக்குப் பின்தங்கவேண்டிய அவசியம் என்ன?

எல்லாவற்றையும்விட எளிய வழி: ஆட்டம் முடியும்வரை குடும்ப வாட்ஸ்அப் குழுவை ஊமையாக்குங்கள்.

சரியாக எத்தனை விநாடி என்று எப்படி அளப்பது?

மைதானத்தில் இருக்கும் நண்பரைக் கைப்பேசியில் அழைத்து, பந்து வீசப்படும்போது ‘இப்போது’ என்று சொல்லச் சொல்லலாம். கூச்சலில் அவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது; எனவே இதைவிட நல்ல வழி ராக்கெட். ஏவும் நேரத்தை இஸ்ரோ விநாடி சுத்தமாக முன்பே அறிவிக்கிறது. சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14 பிற்பகல் 2 மணி 35 நிமிடம் 17 விநாடிக்கு. கைப்பேசியில் விநாடி காட்டும் கடிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, திரையில் நெருப்பு தெரியும் கணத்தைக் குறியுங்கள். அறிவித்த நேரத்தைக் கழித்தால் உங்கள் வீட்டின் எண் கிடைத்துவிடும்.

முடிந்தால் ஒரு முறை பழவேற்காட்டுக்குப் போய் இதைச் செய்யுங்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். ஏரிக்கு அப்பால் ராக்கெட் புகையோடு எழும்புவது கண்ணுக்கு உடனே தெரியும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கைப்பேசியில் ‘பதினைந்து, பதினான்கு’ என்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ராக்கெட் மேகத்துக்குள் போன பிறகு கைப்பேசியில் அது கிளம்பும். பக்கத்தில் நிற்பவர்கள் சிலர் இரண்டாம் முறையும் கைதட்டுவார்கள். அதுவும் அடங்கி, மீன்கூடையை எடுத்துக்கொண்டு ஆட்கள் நகரத் தொடங்கும்போது, ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்து, வானத்திலிருந்து அந்த உறுமல் வந்துசேரும்.